வெள்ளிக்கிழமை ஆட்சேபக்காரர்

ஆர்னால்ட் பிரியர்லி ஏழு ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் இருந்து பேசியது ஒரே ஒரு சொல்தான். அதையும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பேசினார்.

அதற்கு முன் அவர் ராவன்டேல் பஞ்சாலையில் தறி மேஸ்திரி. ராவன்டேல் இருக்கும் லங்காஷயர் மாவட்டத்தில் முட்டாள் கதை என்றாலே தறி மேஸ்திரி கதைதான். ஐம்பத்தொன்றாம் ஆண்டுத் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சிக்கு ஒரு தொழிலாளி வேட்பாளர் தேவைப்பட்டார். ஆர்னால்ட் சுத்தமான காலர் அணிந்திருந்தார். நூற்றுப்பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை என்பது உறுப்பினர்கள் சொந்தமாகக் கொண்டுவரும் மசோதாக்களுக்கான நாள். மாலை நாலு மணிக்கு மிச்சமிருக்கும் மசோதாக்களின் பெயர்களை எழுத்தர் வரிசையாக வாசிப்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் மசோதா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடும். யாராவது ஒருவர் "ஆட்சேபம்!" என்றால் போதும், அன்றைக்கு அது செத்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. அரசுக்குப் பிடிக்காத மசோதாக்களுக்காக ஆளுங்கட்சிக் கொறடா கேப்டன் ஹென்ஷா அங்கே ஒருவரை உட்கார வைத்திருப்பார். மற்றவர்கள் வியாழன் இரவே ஊருக்கு ரயிலேறிவிடுவார்கள். ஆர்னால்டின் ஊர் தூரம், அவருக்குச் சனிக்கிழமைக் காலை ரயில்தான். அதனால் அந்த இடம் அவருக்கு வந்தது. ஏழு ஆண்டுகளில் தொண்ணூற்று நாலு மசோதாக்களைக் கொன்றார். யார் மீதும் அவருக்குக் கோபம் கிடையாது.

ஐம்பத்தெட்டில் அவரே ஒரு மசோதா கொண்டுவந்தார். தறிக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஆலைக்காரர்கள் காதடைப்பான் கொடுக்க வேண்டும், ஆண்டுக்கொரு முறை காதைச் சோதிக்க வேண்டும். அவ்வளவுதான். தறிக்கூடத்தில் வேலை செய்த மனைவி ஹானாவுக்கு முப்பது வயதிலேயே காது போய்விட்டது. தறிகளின் இரைச்சலில் நெசவாளிகள் எல்லோரையும் போல அவளும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். மகள் மோரீன் போன வருடம் அதே கூடத்தில் சேர்ந்தாள். இப்போதே கூப்பிட்டால் வலது பக்கமாகத் திரும்பிக் கேட்கிறாள்.

"உன்னோடத நாங்க தடுக்க மாட்டோம்யா," என்றார் ஹென்ஷா. "ஏழு வருஷம் உழைச்சிருக்க."

அந்த வெள்ளிக்கிழமை ஹானா ரயிலேறி வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தாள். எழுத்தர் முதல் மசோதாவை வாசித்தார். "ஆட்சேபம்," என்றார் ஆர்னால்ட். இரண்டாவது. "ஆட்சேபம்." மூன்றாவது, தறிக்கூடக் காது பாதுகாப்பு மசோதா.

"ஆட்சேபம்," என்றார் ஆர்னால்ட்.

சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆட்சேபித்தவர் யார் என்று விதி பார்ப்பதில்லை. மசோதா அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போனது, வரிசையில் கடைசி இடத்துக்கு.

தேநீர் அறையில் ஹானா சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

"நீ வாயைத் தொறந்ததைப் பாத்தேன்."

"பழக்கம், ஹானா."

"ஊரான் பிள்ளைய எல்லாம் கொன்ன. சரி, கட்சி சொல்லிச்சு. பெத்ததை ஏன்யா கொன்ன?"

"வாய் தானா சொல்லிடுச்சு."

"அப்ப அடுத்த வாரம் அந்த வாயை வெளியில வச்சிட்டு மத்தவங்களை உள்ள அனுப்பு."

சனிக்கிழமை ராவன்டேலில், வறுத்த மீன் கடை வரிசையில் அவர் நிற்கும்போதே கடைக்காரர் ஜெஸ் பிக்கப் ஆரம்பித்துவிட்டார். "ஒரு தறி மேஸ்திரி தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினானாம். 'வீட்டுல யாரும் இல்லை'ன்னு தானே சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டானாம். மீன் மேல வினிகர் ஊத்தட்டுமா ஆர்னால்ட், இல்ல ஆட்சேபமா?"

"ஊத்துங்க," என்றார் ஆர்னால்ட்.

அடுத்த வெள்ளி, பக்கத்துத் தொகுதியின் எதிர்க்கட்சி லேபர் உறுப்பினர் பெர்சி லம் அவர் சார்பில் மசோதாவை முன்வைக்க ஒப்புக்கொண்டார். இரண்டு ஊருக்கும் தறி ஒன்றுதான். நாலு மணிக்கு ஆர்னால்ட் ஒரு கோப்பைத் தேநீரோடு சபை வாசலுக்கு வெளியே நின்றார். வரிசையில் ஆறு மசோதாக்கள், அவருடையது ஆறாவது. முதலாவது வாசிக்கப்பட்டது. உள்ளே யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: தான் வெளியே நிற்கப்போவதை ஹென்ஷாவிடம் சொல்லவே இல்லை.

கட்சிக்கு ஏழு ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவர் துரோகம் செய்ததில்லை. உள்ளே போய் மிச்ச நாலையும் தடுத்துவிட்டு, ஆறாவதற்கு எழுந்து வரலாம். ஆனால் தன் வாயைப் பற்றி அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

இரண்டாவது தாண்டியது. கறுப்புக் கோட்டு வாயிற்காவலர் கதவைப் பாதி திறந்துவிட்டார். "ஐயா, உள்ள போகலையா? உங்க வேலை நேரமாச்சே."

"டீ சூடா இருக்கு."

மூன்றாவது, கூண்டுப் பறவைகளைப் பற்றியது. நாலாவது, அமைச்சர்கள் ஒவ்வொரு கடிதத்துக்கும் பத்து நாளில் பதில் எழுதியாக வேண்டும் என்பது. அதைக் கேட்டதும் ஒரு காலை வாசலுக்குள் வைத்து, திரும்ப எடுத்துக்கொண்டார். காவலர் மறுபடி பார்த்தார். ஆர்னால்ட் ஆறிப்போன தேநீரை ஊதினார். ஐந்து. ஆறு. உள்ளே பெர்சி தலையசைப்பது கதவிடுக்கில் தெரிந்தது.

ஐந்து நிமிடத்தில் ஹென்ஷா தாழ்வாரம் அதிர ஓடிவந்தார். "ஆறு! ஆறும் தாண்டிருச்சு! எங்கய்யா போய்த் தொலைஞ்ச?"

"இங்கதான் இருந்தேன்."

"பத்து நாளில் பதிலாம்! மந்திரி என்னை உயிரோட விடுவாரா? இனிமே வெள்ளிக்கிழமை நீ இந்தப் பக்கம் வராதே."

"சரிங்க கேப்டன்," என்றார் ஆர்னால்ட். கோப்பையைக் காவலரிடம் கொடுத்துவிட்டுத் தபால் அறைக்குப் போய், ராவன்டேலில் ஹானாவுக்கு ஒரு தந்தி எழுதினார்: 'தாண்டிவிட்டது. நான் பேசவில்லை.'