நடுக்கதவுக்கு மாற்றுச் சாவி

மேலூர் பஸ்ஸில் வந்திறங்கிய எண்ணெய்க் கடைக்காரர்தான் சொன்னார், சாவி போடும் காதர் ராவுத்தர் காலமாகிவிட்டார் என்று. மகள் வீட்டுக்குப் போன இடத்தில் மூன்று நாள் காய்ச்சல். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்களாம். அவரைத் தெரிந்த உங்களில் சிலருக்கு முன்பே செய்தி வந்திருக்கும். எனக்கு வந்தபோது ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒரு பிடி மண் போடக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

தெருக்கதவுப் பூட்டுக்குச் சாவி போட மதுரையில் பத்துப் பேர் இருக்கிறார்கள். பலகைக்குள்ளேயே புதைந்திருக்கும் பழைய உள்ளறைப் பூட்டு என்றால் எல்லாரும் அவரைத்தான் தேடிப் போவோம். பூட்டை உடைக்க மாட்டார். பல் வெட்டாத சாவியை விளக்குப் புகையில் கருக்கி உள்ளே விட்டுத் திருப்புவார். கரி உரசிப்போன இடத்தை மட்டும் அராவுவார். மறுபடி புகை, மறுபடி அரம். யுத்தத்தில் இரும்பு கிடைக்காதபோது தேய்ந்த மாட்டு லாடத்தைத் தட்டிக்கூடச் சாவி செய்தார்.

அவருக்கு ஒரு முரண்டு உண்டு. "தெருக்கதவுக்கு ஒரு எசமான் போதும். உள்கதவுக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல? ரெண்டு பக்கமும் சரின்னு சொன்னாத்தான் அரத்தத் தொடுவேன்" என்பார். மருமகள் படுக்கும் அறைக்கு மாற்றுச் சாவி கேட்ட ஒரு பெரிய மனிதரிடம், "மொதல்ல அந்தப் புள்ளயக் கேட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அந்தப் பெரிய மனிதர் யாரென்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் வீட்டைப் பாகம் பிரித்தபோது முன்கட்டு எனக்கு, பின்கட்டு அண்ணனுக்கு. அவருக்கு வாசல் பின்தெருவில். நடுவே ஒரே கதவு. அம்மா யார் பக்கம் இருப்பது என்று தொடங்கிய பேச்சு கைகலப்பில் முடிந்தது. அண்ணன் அந்தக் கதவைப் பூட்டிச் சாவியை வைகை வெள்ளத்தில் எறிந்துவிட்டு வந்தார். எட்டு வருஷம் நாங்கள் முகம் பார்க்கவில்லை.

பிறகு அண்ணனுக்கு நெஞ்சில் சளி முற்றி எழுந்து நடக்க முடியாமல் போனது. ராவுத்தரை வரச்சொல்லி அனுப்பினார். ராவுத்தர் நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, அண்ணன் நடுக்கதவுக்குச் சாவி கேக்குறாரு. ஒங்களப் பாக்கணுமாம். சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"ஏன், என்னயத் தெருவச் சுத்தி வரச் சொல்லலையா?"

"நீங்க தெரு வழியா வந்தா ஊரு வேடிக்க பாக்கும். உள்ளுக்குள்ள வந்தா அண்ணன் தம்பி. அவரு நெனப்பு அது."

"எறிஞ்சவரே ஆத்துல எறங்கித் தேடிக்கிறட்டும்" என்றேன்.

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ராவுத்தர் மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை, "இம்புட்டு வீம்பு ஆகாது தம்பி" என்று மட்டும் சொன்னார். வேலை கிடைக்கும் ஆசையில் அலைகிறார் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி. அத்தனை நாளும் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணனின் இருமல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. பிறகு ஒரு நாள் காலையில் அது கேட்கவில்லை.

தெரு வழியாகத்தான் போனேன். ஊர் பார்க்கத்தான் அழுதேன். காரியம் முடிந்ததும் ராவுத்தரிடம் ஓடி, "இப்பச் சரிங்கிறேண்ணே, சாவி போடுங்க" என்றேன். அவர் பின்தெருவுக்குப் போய் மதினியைக் கேட்டுவிட்டு வந்தார். "அந்தப் பக்கம் சம்மதமில்ல தம்பி" என்றார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஐப்பசியிலும், மழை பிடிக்குமுன் கோழி இறகும் எண்ணெய்க் குப்பியுமாக வருவார். என் பக்கத்துச் சாவித் துவாரத்தில் எண்ணெய் விடுவார். பிறகு தெருவைச் சுற்றிப் போய் மதினி பக்கத்திலும் விடுவார். எதற்கு இந்த வீண் வேலை என்றேன். "மனசு மாறுற அன்னிக்குப் பூட்டு துருப்பிடிச்சுக் கெடக்கக் கூடாதுல்ல" என்றார்.

மதினி மனம் மாறவில்லை. மாறினாலும் எனக்கு அண்ணன் இல்லை. இந்த ஐப்பசியில் நானே ஓர் இறகை எடுத்து எண்ணெய் விட்டேன். ராவுத்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வேலை ஒன்றுதான். அதிலும் பாதிதான். அந்தப் பக்கம் எண்ணெய் விட இனி யாருமில்லை.