பிரேக் அக்காவின் கம்ப்யூட்டர்

கார் ஓட்டப் பழக்கும் வேலையில் அவளுக்குப் பத்தொன்பது வருஷம். அத்தனை வருஷமும் பக்கத்து சீட்டு. அங்கே அவளுக்கென்று இருந்தது காலடியில் ஒரு பிரேக், அவ்வளவுதான். முள் நாற்பதைத் தொட்டால் போதும், கால் தானாக அமுக்கிவிடும். பழக வந்தவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. பஸ்ஸில் டிக்கெட் எடுத்துப் போகும்போதும் அந்தக் கால் சும்மா இருக்காது. வீட்டில் டிவியில் கார் ஓடினாலும் அமுக்கும்.

"தரையில ஓட்டை விழப்போகுது," என்பார் வீட்டுக்காரர். அவர் தையற்காரர். நாள் முழுக்க மிஷினை மிதிக்கிற மனிதர் அடுத்தவர் காலைப் பற்றிப் பேசுவதுதான் வேடிக்கை.

இப்படிப்பட்டவளுக்குத்தான் முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஆசை வந்தது. ஆபீஸ் பிரிண்டருக்கு மை வாங்கப் போன கடையில் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் பந்தயக் கார் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "உக்காந்து பாருங்களேன்," என்றார் கடைக்காரர். உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் கழித்து எழுந்தபோது காது சுட்டது, உள்ளங்கை வேர்த்திருந்தது. மை வாங்காமலே ஆபீஸுக்குத் திரும்பினாள்.

ரெடிமேடாக வாங்கினால் என்ன விலை என்று கேட்டதும் தலை சுற்றியது. அப்படியானால் பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிவிடுவோம் என்று முடிவு கட்டினாள். மூன்று மாதம் இதே பேச்சு. வீணாய்ப்போன லைசென்ஸ் விண்ணப்பங்களின் பின்பக்கமெல்லாம் பட்டியல், அடித்தல், திருத்தல், மறுபடி பட்டியல். கலர் கலராக மின்னும் லைட்டை முதல் நாளே அடித்தாள். மின்னினால் வேகம் கூடுமா என்ன? மெமரிக்கான ராம் ஒன்று பெரியதாக வாங்குவதை விட இரண்டு சின்னதாகப் போடுவது மேல் என்று படித்ததும் துள்ளிக் குதித்தாள். ப்ராசஸரில் நடுத்தரம் போதும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அது போனால் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும். மிச்சம் பிடித்ததையெல்லாம் கிராபிக்ஸ் கார்டில் கொட்டுவது என்று திட்டம். படத்தை ஓடவைப்பது அதுதானே.

கார்டு புதிதாக வாங்க வழியில்லை. நல்ல வேளையாக, அவளிடம் கார் பழகும் வங்கி குமாஸ்தா தன் பழைய கார்டை விற்கப் பார்த்தார். நாலு மாதமாகியும் ரிவர்ஸ் வராத மனிதர். ஆனால் கம்ப்யூட்டரில் புலி.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஓட்டிப் பாருங்கக்கா. பிடிக்கலன்னா நானே வந்து எடுத்துக்கறேன். இன்னொருத்தர் கேட்டு நிக்கிறார், அதுக்கு மேல தாங்காது."

இந்த விலைக்கு இன்னொரு கார்டு ஜென்மத்துக்கும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

இதையெல்லாம் வைத்துப் பூட்டும் கேபினெட் பெட்டியை வாங்க வீட்டுக்காரரும் கூடப் போனார், கழுத்தில் டேப்போடு. ஓரம் நசுங்கிய ஒன்று பாதி விலைக்கு மூலையில் கிடந்தது. அவர் குனிந்து உள்ளே அளந்தார்.

"கார்டு பதினோரு இன்ச்சுதானே? இங்க பன்னெண்டே கால் இருக்கு. எங்கயும் பிடிக்காது."

கடைக்காரர் சிரித்துச் சிரித்து இன்னும் கொஞ்சம் விலை குறைத்தார்.

ஞாயிறு காலை, துணி வெட்டும் மேஜையைக் காலி செய்து அவளே பூட்டினாள். ப்ராசஸரை வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். கார்டு 'டக்' என்று உட்கார்ந்ததும் அவளுக்குப் புல்லரித்துவிட்டது. மதியம் சுவிட்சைப் போட்டாள். திரையில் படம் வந்தது! "வந்துருச்சுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கை கோணலாகப் போனது.

விளையாட்டை ஏற்றி முடிக்க நாலரை ஆனது. ஸ்டியரிங் வீல் வாங்க வசதியில்லை, கீபோர்டுதான். முடுக்கினாள். கார் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. கிளட்ச் பழகாத ஆள் ஓட்டுவது போலத் திக்கித் திக்கி இழுத்தது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். கார்டின் காற்றாடிகள் அசையவே இல்லை.

அணைத்துப் போட்டாள். பவர் வயரைப் பிடுங்கிச் சொருகினாள். ராமைக் கழற்றி மாட்டினாள். மணி ஐந்தரை. காற்றாடி அப்படியே நின்றது.

"என்னம்மா, திருப்பிக் குடுத்துடலாமா?" வீட்டுக்காரரின் குரல் இறங்கியிருந்தது.

அவள் பெட்டியைத் திருப்பினாள். கார்டைக் கழற்ற வேண்டுமானால் முதலில் அதில் சொருகிய திரை வயரை எடுக்க வேண்டும். தடவினாள். எடுப்பதற்கு அங்கே வயரே இல்லை. அது மேலே, எல்லாவற்றையும் பூட்டியிருந்த மதர்போர்டில், அச்சு அசலாக அதே போன்ற இன்னொரு ஓட்டையில் இருந்தது. இவ்வளவு நேரமும் படம் காட்டியது ப்ராசஸர்தான். கார்டு பாவம், பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது.

"அடப்பாவி, உன்னையுமா அங்க உக்கார வச்சேன்!" என்றாள் கார்டைப் பார்த்து. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வயரைக் கீழே மாற்றினாள்.

சரியாக ஆறு மணிக்கு, கார்டை எடுத்துப் போக ஒரு துணிப்பையோடு குமாஸ்தா வந்தார். அவரை வரவேற்க யாரும் திரும்பவில்லை. திரையில் சாலை எண்ணெயாக வழுக்கிக்கொண்டிருந்தது. காற்றாடிகள் உற்சாகமாக இரைந்தன. வீட்டுக்காரர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். குமாஸ்தா உட்கார்ந்தார்.

இருநூற்று எண்பது. எதிரே கொண்டை ஊசி வளைவு. அவள் விரலை எடுக்கவில்லை. இருநூற்றுத் தொண்ணூறு.

குமாஸ்தாவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. "அக்கா, பிரேக்! பிரேக்!"

"அது உங்க பக்கம் சார்," என்று சொல்லிவிட்டு அவள் முந்நூறைத் தொட்டாள்.