செவ்வந்திக்கு வைத்த மீசை

நெல் விளையும் ஊரில் செவ்வந்தி போடுகிறவனுக்குப் பூ வருவதற்கு முன்னால் ஊராரின் யோசனை வரும். வாங்கிக் கட்டிக்கொண்ட சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

குத்தாலத்துக்குப் பக்கம், சுற்றிலும் சம்பா நடவு. நடுவே மேடு கட்டி அறுபது நாட்டுச் செவ்வந்தி வைத்தேன். பழைய ரகம், பூ சின்னது, வாசனையோ அடுத்த ஊர் நாயைத் தும்ம வைக்கும். திருக்கார்த்திகைக்குள் பூக்காவிட்டால் என் மீசை, பூத்தால் அவன் மீசை என்று மச்சினன் கோவிந்தனோடு பந்தயம். என் மீசை லேசுப்பட்டதல்ல. கூடு கட்ட வந்த குருவி, இடம் தாராளம் என்று சம்பந்தி வீட்டையும் கூட்டி வந்தது.

ஒரு வாய் தண்ணீர்

புரட்டாசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நெல்லுக்கு அது பால். செவ்வந்தி வேருக்கு விஷம். நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள், பக்கத்து வயல் செல்லையன் மடையைத் திறந்து என் மேட்டையும் குளமாக்கிவிட்டார். இருபது செடி அழுகிப் போச்சு. மீதியில் தவளைகள் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தன. சண்டைக்குப் போனேன். மனுஷர் மண்வெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தாகத்துக்குத் தண்ணி குடுத்தவன வையறீங்களே, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?"

உறுப்பினரின் வெளிச்சம்

ஐப்பசி பிறந்தாச்சு; மொட்டைக் காணோம். இருட்டு நீண்டால்தான் செவ்வந்தி மொட்டு வைக்கும். எங்கள் வார்டு உறுப்பினரோ என் கொல்லைக்கு நேரே எல்.இ.டி. விளக்குப் போட்டு, அதைவிடப் பெரிதாகத் தன் பெயரை எழுதி வைத்திருந்தார். அந்த வெளிச்சத்தில் என் கோழிகள் ராத்திரி ஷிப்டிலும் முட்டையிட்டன. "செடி தூங்கணும், கொஞ்சம் அணைச்சு வைங்க" என்று போய்க் கேட்டேன்.

"இன்னைக்குச் செவ்வந்திக்கு இருட்டு கேப்பீங்க, நாளைக்கு வாழைக்குத் தலகாணி கேப்பீங்க. போங்க பெரியவரே!"

நாற்பது புடவை

வேறு வழி? செடிக்கொரு குச்சி நட்டு, பொழுது சாய்ந்ததும் வீட்டுக்காரியின் பழம்புடவைகளை இரண்டாய் மடித்துப் போர்த்தினேன், விடிந்ததும் எடுத்தேன். மழைக்கும் அதுவே குடை. தூரத்திலிருந்து பார்த்தால் நாற்பது பெண்கள் குந்தியிருப்பதுபோல இருக்கும். ஒருநாள் ஆறரை மணி மினி பஸ் நின்றேவிட்டது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"எல்லாரும் ஒண்ணா வந்தா எப்படிம்மா? பாதிப் பேர் நாளைக்கு வாங்க!"

பந்தய நாள்

திருக்கார்த்திகைக்கு முதல் நாள் நாற்பது செடியும் மஞ்சளாய்ச் சிரித்தன. சவரக்கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு கோவிந்தனுக்கு ஆள் அனுப்பினேன். வந்தான். தலையில் சந்தனம், முடியில்லை, மீசையுமில்லை. முந்தின வாரமே வேலிவழியாகச் செடியில் மொட்டுகளை எட்டிப் பார்த்துவிட்டு, நேரே குலதெய்வம் கோயிலுக்குப் போயிருக்கிறான் படுபாவி.

"சாமிக்கு நேந்துக்கிட்ட மீசை அத்தான், போயிடுச்சு. மறுபடி முளைச்சா பேசிக்குவோம். இப்ப ஒரு முழம் பூ குடுங்க, உங்க தங்கச்சி கேட்டா."

இருட்டைக் காட்டினால் செவ்வந்தி பூத்துவிடுகிறது. மச்சினன் முகத்தில் வெட்கம் பூக்க எதைக் காட்டுவதென்றுதான் எந்த விவசாய அதிகாரிக்கும் தெரியவில்லை.