சுருதி தப்பினால் உட்காரும் நாய்

என் அக்கா புருஷன் நாய் பழக்குகிறவர். மாமாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை: ஒரு மனித ஜென்மமாவது எழுந்து ஓடாமல், அவர் பாடுவதை முழுசாகக் கேட்க வேண்டும். நடக்கிற காரியமா? அவர் தொண்டையைச் செருமினாலே அக்கா மிக்ஸியைப் போட்டுவிடுவாள். நான் செருப்பைத் தேடுவேன்.

“கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?” என்று எங்களைக் கைகழுவிவிட்டு மாமா நாய்களிடம் போனார். நாய்களைக் கட்டிப்போட்டிருந்ததால் அவற்றுக்கு ஓட வழியில்லை.

‘உட்கார்’ என்று சொல்வதற்குப் பதில் ஒரு வரி பாடுவார். உச்சியில் அவர் குரல் வழுக்கிப் பள்ளத்தில் விழும். விழுந்த இடத்தில் நாயின் இடுப்பை அழுத்தி உட்காரவைத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் கொடுப்பார். சில நாளில் அழுத்தவே வேண்டாம்; குரல் விழுந்ததும் நாயும் தொப்பென்று உட்காரும். கூண்டு கழுவுவது, நாய்களுக்குச் சோறாக்குவது எல்லாம் அக்கா. இசையின் மகிமை மட்டும் மாமாவுடையது.

“அதுங்க மயங்குறது பிஸ்கட்டுக்கு, மாமா” என்றேன் ஒரு நாள்.

“உனக்கு வயித்தெரிச்சல், மச்சான்.”

அடுத்த தெருப் பாட்டு டீச்சர், பழக்க விட்டிருந்த தன் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“என்னத்தப் பழக்கினீங்க, சார்? அதே வரியத்தான் நானும் பாடறேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது.”

பாடியும் காட்டினார். அப்பழுக்கில்லாத குரல். நாய் காதைச் சொறிந்துகொண்டது.

மாமா நெளிந்தார். “நீங்க சரியா பாடறீங்க, டீச்சர். அதான் அதுக்குப் புரியல. உச்சியில கொஞ்சம் கீழ விழணும்.”

“உயிரே போனாலும் நான் சுருதி தப்பிப் பாட மாட்டேன்!”

போக இருந்தது நாயின் உயிர். கேட்டுக்கு வெளியே ஒரு பூனை போக, நாய் வாரை உருவிக்கொண்டு பாய்ந்தது. எதிரே லாரி. டீச்சர் அந்த வரியை அலறினார். அச்சு அசல் மாமா குரல். அதே வழுக்கல், அதே பள்ளம். சாலையோரத்திலேயே நாய் தொப்பென்று உட்கார்ந்தது. லாரி போய்விட்டது.

டீச்சர் படியில் சரிந்து உட்கார்ந்து அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “முழுப் பாட்டையும் பாடுங்க, சார். கத்துக்கறேன்” என்றார்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரை பாடினார். முடித்ததும் பழக்க தோஷத்தில் டீச்சரிடம் ஒரு பிஸ்கட்டை நீட்டினார். டீச்சர் அதை நாய்க்குப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

மாமா அக்காவிடம் திரும்பினார். “பாத்தியா? நீ ஒரு நாளாவது இப்படி உக்காந்து கேட்டிருக்கியா?”

அக்கா சோற்றுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “நாய உக்கார வெச்சு பிஸ்கட் குடுத்தீங்க. என்னை எப்ப உக்காரச் சொன்னீங்க?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா சட்டைப் பையைத் தடவினார். தூள்தான் மிச்சம் இருந்தது.