விளக்கு வைத்த பிறகு கேட்ட உப்பு

மிஸ்ஸை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகமல்ல, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு அவர் முதன்முதலாக வந்த அன்று, அம்மாவும் அத்தையும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேரே வந்து அந்த வட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு கை மொச்சையை அள்ளவும் செய்தார். அத்தை பதறி எழுந்து ஓடினார். நாற்காலி வந்தது. முந்தானையால் அது துடைக்கப்பட்டது. கடையிலிருந்து கலர் பாட்டில் வந்தது. மிஸ் உயரத்தில் உட்கார்ந்து கலர் குடிக்க, மற்றவர்கள் மொச்சையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சினிமா பார்ப்பது மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒருவரைத் தள்ளி வைக்கத் திட்டவே வேண்டாம், நாற்காலி போட்டால் போதும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மிஸ் பிலிப்பைன்ஸ்காரர். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில் இருந்த ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் நானும் அவரும் ஒன்றாகப் பாடம் எடுத்தோம். நான் எம்.ஏ. முடித்த கையோடு சேர்ந்தவள், எதையும் உடனே சரிசெய்துவிட வேண்டும் என்று துடிக்கிறவள். மிஸ் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், நிதானமானவர். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஊர் இது. ஃபாரின் ஆள் என்றால் என்ன நிறத்தில் இருக்க வேண்டும், எந்த மாதிரி கதர்த்துணி கட்ட வேண்டும் என்று இங்கே எல்லோருக்கும் ஒரு தீர்மானம் உண்டு. மகளைச் சேர்க்க வந்த ஒரு அப்பா, மிஸ்ஸை எதிரிலேயே வைத்துக்கொண்டு, “ஃபாரின் டீச்சர்னு போர்டு வச்சிருக்கீங்களே, அவங்க எப்ப வருவாங்க?” என்று கேட்டார். எனக்குத்தான் காது சூடேறியது. மிஸ் சிரித்தார். அவர் கிளாஸ் எடுக்க ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சு தானாக அடங்கிவிட்டது.

வேலையில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. சாயங்காலங்கள்தான் அவரால் தாங்க முடியாதவையாக இருந்தன. சென்டருக்குப் பின்தெருவில் ஒரு மாடி அறையில் அவர் வாடகைக்கு இருந்தார். கீழே வீட்டுக்கார அக்காவும் அவர் கணவரும். அக்கா நல்ல மனுஷி. பண்டிகை வந்தால் மாடிக்குத் தட்டு போகும். வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் அழைப்பு போகும். போன இடத்தில் முதல் பந்தி, போட்டோ, பிறகு அனுப்பி வைத்தல். மிஸ் ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே என்னிடம் சொன்னார்: “எங்க தெருவுல பூண்டு தீர்ந்துபோனா பக்கத்து வீட்டுக்காரங்க கதவைக்கூடத் தட்ட மாட்டாங்க. நேரா அடுப்படிக்கு வந்து எடுத்துட்டுப் போவாங்க. இங்க எல்லாரும் எனக்குக் குடுத்துக்கிட்டே இருக்காங்க. என்கிட்ட யாரும் எதுவும் கேட்டதில்ல.” இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமா என்று சென்டர் முதலாளி அவரிடம் கேட்டிருந்தார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னொரு வருஷம் விருந்தாளியாகவே இருக்கத் தன்னால் முடியாது என்றார் மிஸ்.

அவர் போய்விடக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், அடுத்த முறை மிஸ் வரும்போது அவரிடம் ஏதாவது வேலை சொல்லு, வெங்காயமாவது நறுக்கச் சொல்லு என்று கெஞ்சினேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லா இருக்குடி உன் நியாயம். பாவம் ஊரு விட்டு ஊரு வந்த பொண்ணு, அதுங்கிட்ட போயி வெங்காயம் அரியச் சொல்றதா? நாலு பேரு கேட்டா சிரிப்பாங்க.” அத்தைக்கும் அதே பதில். தெருவில் யாரைக் கேட்டாலும் அதே பதில்தான் வந்திருக்கும். அத்தனை பேரும் நல்லவர்கள். நல்லவர்களோடு சண்டை போடுவதைப் போல அலுப்பான காரியம் வேறு இல்லை.

அந்த மாதப் பௌர்ணமிக்கு இருவரும் மலை சுற்றப் போனோம். கூட்டத்தில் மிஸ் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அதுவே அவருக்குப் பெரிய விடுதலை. வழியில் எந்த ஊர்க்காரரோ ஒரு பெண், அறுந்த செருப்பை என்னவோ செய்து பார்த்துக்கொண்டிருந்தவர், “கொஞ்சம் புடிச்சிக்கம்மா” என்று இடுப்புக் குழந்தையை மிஸ் கையில் திணித்துவிட்டுக் குனிந்துவிட்டார். மிஸ்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை, ஒன்றும் இல்லை. செருப்பைச் சரிசெய்து முடித்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு போயேவிட்டார். மிஸ் அதைப் பற்றி வாரம் முழுக்கப் பேசினார். எனக்கு எரிச்சலாக வந்தது. முன்பின் தெரியாதவருக்குச் சுலபமாக வந்தது, எங்கள் ஆட்களுக்கு ஏன் வரவில்லை?

யாரும் கேட்காவிட்டால் என்ன, நீங்கள் போய்க் கேளுங்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். மிஸ்ஸுக்கு அது பிடித்துப்போனது. மறுநாள் காலை கிளாஸுக்கு வரும்போதே முகமெல்லாம் மலர்ந்திருந்தது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை. இருட்டின பிறகு சமைக்கும்போது உப்பு தீர்ந்துபோனதாம். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி அக்காவிடம் கேட்டிருக்கிறார். அக்கா ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு, அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்திருக்கிறார். அதற்குள் அக்காவின் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் புது உப்புப் பாக்கெட் வாங்கி வந்து, பிரிக்காமலே கையில் கொடுத்திருக்கிறார். “பார்த்தியா, ஒரு பாக்கெட்டே குடுத்துட்டாங்க” என்றார் மிஸ்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விளக்கு வைத்த பிறகு எங்கள் பக்கம் யாரும் உப்பு கொடுக்க மாட்டார்கள். அதுவும் வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே மாட்டார்கள். வீட்டு லட்சுமி அதோடு போய்விடுவாள் என்று நம்பிக்கை. தெருக்காரப் பெண் எவளாவது தெரியாமல் போய்க் கேட்டிருந்தால் வாசலிலேயே நாலு வார்த்தை கிழித்து அனுப்பியிருப்பார் அக்கா. மிஸ் ஏன் என் முகம் மாறியது என்று விடாமல் கேட்டார். சொன்னேன். அவர் மெதுவாக, “அப்போ என்னைத் திட்டியிருக்கணும், இல்லையா?” என்றார்.

அன்று மதியமே அக்காவிடம் போய் நின்றேன். ஏன் அக்கா திட்டவில்லை என்றே கேட்டேன். “இன்னாம்மா பேசற நீ? கடல் தாண்டி வந்த பொண்ணு வாயத் தொறந்து ஒண்ணு கேக்குது. இல்லன்னு அனுப்புவேனா?” காலையில் வந்து வாங்கிக்கொள் என்றாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார். “உன்னன்னா சொல்லுவேன். அதங்கிட்ட எப்பிடி சொல்றது?” நான் இத்தனை நாளாக மிஸ்ஸுக்காகக் கேட்டுக்கொண்டிருந்த இடம் அந்த “உன்னன்னா”தான் என்று அக்காவுக்கு எந்த மொழியில் விளக்குவது?

மாதக் கடைசியில் மிஸ் முதலாளியிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். கிளம்புகிற அன்று நான் போனபோது கார் வாசலில் நின்றது. மிஸ் பெட்டியை மாடிப்படியில் இறக்கிக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்த அக்கா, இன்றைக்குத்தான் கிளம்புவதா என்று என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். அப்புறம் வெடித்தார். “ஏய், இன்னிக்கி செவ்வாக்கெழமை. செவ்வாக்கெழமையில எவளாவது வீட்ட காலி பண்ணுவாளா? அறிவு வேணாம்? இத்தினி நாளு இந்த ஊர்ல இருந்து இன்னாத்த கத்துகினே? போ, பொட்டிய மேல கொண்டு போயி வை. நாளைக்கிப் போவியாம்.” சொல்லிக்கொண்டே பெட்டியின் கைப்பிடியை மிஸ்ஸிடமிருந்து பிடுங்கினார்.

மிஸ் என்னைப் பார்த்தார். திட்டுகிறாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு வார்த்தை விடாமல் சொல்லச் சொன்னார். நானும் வாசலில் நின்று, அறிவு வேணாமா என்பது முதல் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் அன்றிரவு சென்னையில் விமானம். டிரைவர் ஹாரன் அடித்தார். மிஸ் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது அக்கா கோபத்தில் வழியனுப்பக்கூட நிற்காமல் உள்ளே போய்விட்டார். ஒரு மாதம் முன்னால் இதில் பாதி திட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

இப்போது அந்த மாடியில் போளூர் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். நர்ஸ் வேலை. மோட்டாரை நிறுத்தவில்லை, கேட்டைச் சாத்தவில்லை என்று அக்கா அவர்களைத் திட்டுவது தெருமுனை வரை கேட்கும். போன வாரம் அந்த வழியாகப் போன என்னை அவர்களில் ஒருத்தி நிறுத்தினாள். “இந்த ஆன்ட்டி வாய் ரொம்ப ஜாஸ்திங்க. எப்பப் பார்த்தாலும் திட்டுறாங்க. வேற வீடு இருந்தா சொல்லுங்களேன்” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளுக்குப் பதில்கூடச் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.