லடாக் முகமூடி ஆட்டத்துக்குச் சிஞ்ஞோராவைக் கூட்டிப்போன கதை

இத்தாலியின் பலெர்மோவில், பல்லரோ சந்தைக்குப் பின்தெருவில் இருந்த ஒரு சிஞ்ஞோராவை, அதாவது வீட்டுக்கார அம்மாவை, ஒன்பது வருடமாகக் கூடவே இருந்து பராமரித்தேன். வயது எழுபத்தாறு. தங்கை இறந்ததிலிருந்து அவருக்குச் சாவுப் பயம் பிடித்துவிட்டது. சாப்பாட்டு மேசையிலும் அதே கதைதான். அந்த நேரம் பார்த்து, இமயமலையில் புத்த பிக்குகள் முகமூடி போட்டு ஆடும் திருவிழாவைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். செத்த பிறகு எதிரே வரும் பயங்கர முகங்களை உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிட்டால், அப்போது பயம் வராதாம்.

“நான் அதைப் பாக்கவேணும். நீயும் வாறாய்,” என்றார். இத்தாலியனில்தான் சொன்னார், ஆனால் அவர் கதைப்பது எல்லாம் எனக்கு எங்கள் தமிழாகத்தான் காதில் விழும்.

நான் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். பேய் முகம் பார்க்க விமானம் ஏறுவதா என்று முதலில் நெஞ்சு இடித்தது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பார்க்கும் ஆசை எனக்கும் கிடந்து அரித்தது.

சென்ற ஆடியில் போனோம். பலெர்மோ, ரோம், டெல்லி, பிறகு லடாக்கின் லே. காத்திருப்போடு இருபத்தாறு மணித்தியாலம். இரண்டு பேருக்கும் போகவர 2,300 யூரோ. லே 3,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இறங்கியதும் தலை சுற்றும். சிஞ்ஞோராவுக்கு இரத்தத்தில் ஒட்சிசன் 82 வீதத்துக்கு இறங்கிவிட்டது, எழும்பவே கூடாது என்றார் வைத்தியர். விழா இரண்டே நாள். முதல் நாள் படுக்கையிலேயே போயிற்று. அவர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். நாளைக்கும் விடாவிட்டால் இந்த மனுசி பயத்தோடேயே திரும்பப்போகிறதே என்று எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் ஒட்சிசன் 90. அங்கே மூன்று மணித்தியாலம் மட்டும் என்று வைத்தியர் சம்மதித்தார். காலை எட்டுக்கு நொர்பு என்ற சாரதியின் காரில் புறப்பட்டோம். 42 கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம், போகவர 2,800 ரூபாய். மடாலய வாசலில் எழுபத்திரண்டு படி. பத்துப் படிக்கொரு தரம் இருத்தி இருத்தி ஏற்றினேன்.

முற்றம் முழுக்கச் சனம். ஆளைவிட நீளமான எக்காளங்கள் ஊத, பட்டுடுப்புப் போட்ட பிக்குகள் ஒற்றைக் காலைத் தூக்கி மெல்லச் சுழன்றார்கள். மண்டையோட்டுக் கிரீடம், மூன்று கண், கோரைப் பல். முகமூடியின் கண் வெறும் வண்ணப்பூச்சு, அப்படியானால் எதனால் பார்க்கிறார்கள்? நொர்புவிடம் கேட்டேன். வாய் ஓட்டையால் என்றார். அட!

இனித்தான் என் கூத்து. எங்கள் ஊர்த் திருநாளில் புனிதரின் சொரூபம் ஊர்வலமாக வரும்போது நோயாளியை முன்னே தள்ளித் தொடவைப்போம். பலெர்மோவிலும் அதையேதான் செய்கிறோம். நீல முகமூடி கிட்ட வந்ததும், புத்திக்கு முன்னே கை வேலை செய்துவிட்டது. ஆடுமிடத்தைச் சுற்றிப் போட்டிருந்த சுண்ணாம்பு வட்டத்துக்குள் சிஞ்ஞோராவை இழுத்துப்போய், அவர் கையை அந்த நெஞ்சில் வைத்தேன். தூக்கிய காலோடு ஆடுபவர் தள்ளாடினார். ஒரு பிக்கு கத்திக்கொண்டு ஓடிவந்தார். அது சிலை இல்லை, தியானத்தில் இருக்கும் மனிதர், தொடவே கூடாது என்று நொர்பு தலையில் அடித்துக்கொண்டார். என் மானம் போயிற்று. வந்த காரியத்தையே கெடுத்துவிட்டேனே என்று, தலை குனிந்தபடி மன்னிப்புக் கேட்டுக் கேட்டு சிஞ்ஞோராவை வெளியே கொண்டுவந்தேன்.

அவர் உடம்பு குலுங்கியது. அழுகிறார் என்று பார்த்தால், சிரிப்பு!

“எடி, வாய்க்குள்ளால பாத்தனான். ஆரோ ஒரு மனுசன்ர கண். நான் விழுத்திப்போடுவன் எண்டு நடுங்கிப்போனான். சாவு என்னைக் கண்டு பயந்துபோச்சு!”

“மெல்லச் சிரியுங்கோ, ஒட்சிசன் இறங்கப்போகுது.”

“ஓம் ஓம், முதல்ல நீ மூச்செடு.”

போக நினைப்பவர்களுக்கு: விழாத் திகதி வருடாவருடம் மாறும், லேயில் விசாரியுங்கள். நான்கு நாள் முன்னதாகவே போய்ப் படுத்திருங்கள். தொப்பியும், நிலத்தில் இருக்க ஒரு மெத்தைத் துண்டும் கட்டாயம். வட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள். மடாலயத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை, எனக்கு இன்னும் வெட்கம்.

இந்த மாசியில் சிஞ்ஞோரா இறந்தார். ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகக் கதைத்த நாளில், “பயமாக் கிடக்கோ?” என்று கேட்டேன்.

“எனக்கென்ன பயம்? வாறவன்தான் பயப்பிடாமல் வரவேணும்,” என்றார்.

எனக்கு இன்னும் பயம்தான். அன்று தலை குனிந்து நின்றதில், அந்த முகமூடியின் வாய்க்குள் நான் பார்க்கவே இல்லை.