சீன எழுத்துக்குக் கட்டம் தேடிய லீவு

என் கணவர் மலாயா ரயில்வேயில் சரக்குப் பகுதிக் கிளாக்கர். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஆறு மாத லீவில் சுன்னாகத்துக்கு வருவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அப்படி வந்தபோது, பெட்டியில் எனக்குக் கொண்டுவந்த சேலைகளுக்கு மேலே சீன எழுத்துப் பழகும் புத்தகம் ஒன்று இருந்தது. சீன வியாபாரிகளின் மூட்டைகளில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்த கிளாக்கருக்குப் பதவி உயர்வு உண்டாம். திரும்பிப் போனதும் அதற்கொரு சோதனை எழுத வேண்டுமாம். பதவி உயர்ந்தால் அரசாங்க வீடு கிடைக்கும், என்னையும் கூட்டிக்கொண்டு போவார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில், ஒவ்வோர் எழுத்தையும் ஒரு சதுரத்துக்குள் அடக்கி எழுதிப் பழக வேண்டும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. அந்த வரியோடு அவருடைய படிப்பு நின்றுவிட்டது.

முதலில் சுன்னாகம் சந்தையடிக் கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்குச் செய்யும் கட்டக் கொப்பி வாங்கி வந்தார். இரண்டு நாள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உந்தக் கட்டத்துக்குள்ளை எறும்புதான் எழுதும்" என்று ஒதுக்கினார். அடுத்து யாழ்ப்பாணம் பெரியகடை. அங்கே ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாராம். மூலையில் ஒரு சொட்டு மை விட்டு, அது பரவுகிறதா என்று காத்திருந்தாராம். கடைக்காரர் முகம் சுளித்ததை வீட்டுக்கு வந்து குற்றமாகச் சொன்னார். எனக்குக் கடைக்காரர் மேல்தான் இரக்கம் வந்தது. பிறகு கொழும்புக்கு எழுதி, படம் வரைகிறவர்கள் பாவிக்கும் கட்டத்தாள் எடுப்பித்தார். அதில் கட்டம் இன்னும் சிறிது. எறும்புக்கும் இடமில்லை.

கடைசியில் தானே கோடு போடுவதென்று தீர்மானித்தார். புது அடிமட்டம், புதுப் பென்சில். விறாந்தையில் மேசை போட்டு, காலைச் சாப்பாடு முடிந்ததும் உட்காருவார். ஒரு கோடு மயிரிழை விலகினாலும் தாள் முழுவதும் கசக்கி எறியப்படும். பொழுது ஏறினால் வெயில் கண்ணைக் குத்துகிறது என்று எழும்பிவிடுவார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தத் தாள்களைக் காட்டிச் சீன எழுத்தின் இலட்சணம் பற்றிப் பிரசங்கம் செய்வார். ஒருநாள் என் சித்தப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கை தம்பி, ஒரு எழுத்து எழுதிக் காட்டும் பாப்பம்" என்றார்.

"முதலிலை கட்டம் சரிவரட்டும் மாமா. அவசரப்பட்டால் கை பழுதாய்ப் போகும்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் கோப்பி போடுகிற சாட்டில் உள்ளே போய்விட்டேன்.

என் கணவர் மத்தியானம் படுத்திருக்கும் நேரத்தில் நான் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். அவரை நையாண்டி பண்ணத்தான் முதலில் எழுதினேன். சீனி சுற்றி வந்த தாளை நீவி விரித்து, கண் மதிப்பில் பெரிய பெரிய சதுரமாகக் கீறி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. 'மனிதன்' இரண்டு காலை அகட்டி நிற்பான். 'மரம்' கிளையும் வேருமாக இருக்கும். பத்து நாளில் நையாண்டி மறந்துபோய், உண்மையாகவே ஆசை பிடித்துவிட்டது.

அந்தக் காலத்தில் சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு ஒரு சீன வியாபாரி எங்கள் பக்கம் வருவார். ஒருநாள் அவர் வேலிப் படலையில் மணியடித்ததும் என் கணவர் தானே ஓடிப்போய்க் கூட்டிவந்து, மேசையில் தன் தாள்களையெல்லாம் வரிசையாகப் பரப்பினார்.

"எது நல்லம்? சொல்லும்."

வியாபாரி ஒவ்வொன்றையும் புரட்டினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார்.

"எழுத்து எங்கை?" என்றார்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. என் சீனித்தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குனிந்து, விரல் வைத்து வைத்துப் பார்த்தார். "இது நல்லம். இது கால் நீளம். இது ஆர்?"

"நான்."

அவர் பென்சிலை வாங்கி, என் தாளின் பின்புறத்தில் ஒரு பெரிய சதுரம் கீறினார். அதன் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு. "நடு பார். பிறகு எழுது."

"அது சரி, கடுதாசி? எந்தக் கடுதாசி?" என்றார் என் கணவர்.

"எல்லாக் கடுதாசியும் நல்லம்" என்று சொல்லிவிட்டு அவர் துணிமூட்டையை அவிழ்த்தார்.

அவர் போன பிறகு என் கணவர், "துணி விக்கிறவனுக்குக் கடுதாசியைப் பற்றி என்ன தெரியும்?" என்றார்.

"அந்தாளுக்கு எழுதத் தெரியுமே" என்றேன்.

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

வியாபாரி அந்த லீவுக்குள் இன்னும் இரண்டு முறை வந்தார். வந்தபோதெல்லாம் படலையடியில் நின்றபடியே என் தாள்களைப் பார்த்துப் பிழை சொல்லிவிட்டுப் போனார். அவர் காட்டிய கட்டத்தில் எழுதியதும் என் எழுத்துகள் ஒரு பக்கம் சாய்வதை விட்டு நிமிர்ந்து நின்றன. லீவு முடியும்போது நாற்பது எழுத்து எனக்குப் பாராமல் வரும்.

பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கையில், வெட்கத்தை விட்டு நானே கேட்டேன். "இஞ்சாருங்கோ, அந்த நாற்பதையும் நான் காட்டித் தாறன். ஒரு கிழமை காணும்."

"நீர் எனக்குப் படிப்பிக்கிறதோ?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கட்டத்தாள்கள் கசங்காமல் இரண்டு பலகைக்கு நடுவே கட்டப்பட்டுப் பெட்டிக்குள் போயின.

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. சோதனையில் தேறவில்லை. சோதனையில் கொடுத்த தாளில் கட்டமே இல்லையாம். வெறும் தாளில் எவன்தான் எழுதுவான் என்று கேட்டிருந்தார். அடுப்பை விட்டு வந்து குசினி வாசலில் நின்று வாசித்தேன். முதலில் சிரித்தேன். பிறகு, இனி மூன்று வருடம் நான் இங்கே, அவர் அங்கே என்பது உறைத்தது. கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் எறிந்துவிட்டு, கிணற்றடியில் போய் நெடுநேரம் இருந்தேன். குடிக்கிற மனிதனை, அடிக்கிற மனிதனைப் பற்றி ஊரில் முறையிடலாம். கடுதாசி தெரிவு செய்கிற மனிதனைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது? பதில் எழுதினேன், மாடு கன்று போட்டதை எழுதினேன், வேலி அடைத்ததை எழுதினேன். சோதனையைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை.

அடுத்த லீவு முடிந்து அவர் திரும்பியபோது நானும் கூடப் போனேன். சேவைக்காலம் கூடியதால் எப்படியோ ஒரு வீடு கிடைத்திருந்தது. பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணிடம் மிச்ச எழுத்துகளை நான் படித்துக்கொண்டேன். அவளும் பழைய பத்திரிகைத் தாளில்தான் எழுதினாள். மாலையில் அவரும் நானும் கடைத்தெருவில் நடப்போம். கடைப் பலகைகளை நிமிர்ந்து பார்த்து, எல்லாம் விளங்கியவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டு போவார். என்ன எழுதியிருக்கிறதென்று ஒருநாளாவது என்னைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.